பிடுங்கிப் பார்க்கும் கை

அந்தம்மா எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது செருப்பைக் கழற்றினார், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், மெயின் சுவிட்சை அணைத்தார். மூன்றும் ஒரே மூச்சில் நடந்தன.

உள்ளே சீரியல் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "யாரு கரண்ட ஆஃப் பண்ணது?" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

"நாந்தாம்மா. இன்வர்ட்டர் கீதுன்னு சார் சொன்னாரு. எங்க கீதுன்னு பாத்தேன்."

மின்விசிறி நின்று போயிருந்தது. வேப்பம்பட்டில் சித்திரை மாதப் பகல். மூலையில் இருந்த இன்வர்ட்டரில் மூன்று வருடமாகப் பச்சை விளக்கு எரிந்து வந்தது. அதன் உத்தரவாத அட்டை, ரசீது, பராமரிப்பு ஒப்பந்தம் மூன்றும் என்னிடம் தனிக் கோப்பில் உண்டு. அந்தம்மா கொண்டையில் செருகியிருந்த டெஸ்டரை உருவி, பேட்டரி மூடியை நெம்பித் திறந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணியே இல்ல சார். காஞ்சி போயி கீது."

"பச்சை லைட் எரிஞ்சுதேம்மா."

"லைட்டுக்கு இன்னா சார்? எரியறதுதான் அதுக்கு வேல."

என் மனைவி சீரியலை மறந்து அவருக்குக் காப்பி போட்டாள். அவர் அதை நின்றுகொண்டே, இல்லை, நடந்துகொண்டே குடித்தார். உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவார். கை மட்டும் எதையாவது தேடிக்கொண்டிருக்கும். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் ப்ளக்கை அவர் இரண்டு முறை பார்த்ததை நான் கவனித்தேன். நல்லவேளை, காப்பி தீர்ந்துவிட்டது.

பிடுங்கிப் பார்க்காமல் அவர் எதையும் நம்பியதில்லை. ஓடிக்கொண்டிருப்பது ஓடுகிறது என்பதற்கு அது ஓடுவது சாட்சியாகாது என்பது அவர் கட்சி. கேட்டால் அப்பாவைச் சொல்வார். அப்பா தெற்கேயிருந்து வந்து ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அந்தம்மா பிறந்தது குவார்ட்டர்ஸில்.

"டாங்கிய ரோட்ல ஓட்டிக் காட்டிட்டா ஆச்சா சார்? சேத்துல எறக்குவாங்க, தண்ணில முக்குவாங்க. அப்பால தான் அனுப்புவாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. நீங்க இன்னான்னா பேப்பர்ல டிக்கு போடறீங்க."

டிக்குப் போடுவது என் தொழில். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். ஒரு கம்பத்தை நடுவதற்கு எத்தனை படிவம், பிடுங்குவதற்கு எத்தனை படிவம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிடுங்குவதற்கு இரண்டு அதிகம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் திருமழிசையிலும் ஊருக்கொன்றாக மூன்று ஓட்டல் வைத்திருக்கும் முதலாளி ஒருவர், தொலைபேசிகளைப் புதிதாக மாற்றும்போது மேற்பார்வைக்கு என்னை அமர்த்தினார். வேலையைச் செய்ய அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஒரு சின்ன கம்பெனி அந்தம்மாவை அனுப்பியது. இப்படித்தான் பழக்கம்.

மாற்றம் என்னவென்று சொல்லிவிடுகிறேன், பெரிய விஷயமில்லை. அறைகளில் இருக்கும் போன்கள் பழைய கம்பியிலேயே இருக்கும். அந்தக் கம்பிகள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒரு பெட்டிக்கு வரும். ரிசப்ஷன், மேனேஜர், புக்கிங் மேசை ஆகியவை மட்டும் இணையம் வழியாக க்ளவுடுக்கு, அதாவது வெளியூரில் யாரோ வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு, போய்விடும். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்று ஓட்டல்களில் எங்கே ஆள் சும்மா இருக்கிறாரோ அங்கே மணி அடிக்கும். பாதி இங்கே, பாதி அங்கே. முதலாளிக்குச் செலவு குறைவு, பெருமை அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அறையில் இருப்பவர் ரிசப்ஷனைக் கூப்பிட ஒன்பதை அழுத்தினால், படிக்குக் கீழே உள்ள பெட்டி அதை க்ளவுடுக்கு அனுப்பும். எங்கோ ஓர் ஊரில் இருக்கும் அந்த க்ளவுட், பெட்டியிலிருந்து பத்தடி தூரத்தில் உள்ள ரிசப்ஷன் மேசைக்கு அதைத் திருப்பி அனுப்பும். பக்கத்து மேசைக்குப் போக வேண்டிய கோப்பு தலைமை அலுவலகம் வரை போய்வந்ததைப் பார்த்தவன் நான். எனக்கு இது விநோதமாகப் படவில்லை.

அந்தம்மாவுக்குப் பட்டது.

"நெட்டு போனா?"

"இரண்டு கம்பெனியிலிருந்து இரண்டு லைன் எடுத்திருக்கோம்மா. ஒன்று போனால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும். நானே சோதித்தேன்."

"எப்டி சோதிச்சீங்க?"

"கம்ப்யூட்டர் திரையில் முதல் லைனை நிறுத்தினேன். இரண்டாவது எடுத்துக்கொண்டது."

"ரெண்டும் போனா?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை, பேட்டரி மூடியைத் திறந்தபோது ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

சாதனங்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவரோடு பழகுவது எளிதாக இருந்திருக்கும். மனிதர்களையும் பிடுங்கிப் பார்ப்பார். ஒரு முறை கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு நாள் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். சண்டை ஏதுமில்லை.

"நா இல்லன்னா ஊடு ஓடுதான்னு பாத்தேன் சார். ரெண்டு நாள் பாலு பாக்கெட்டு கேட்லயே தொங்கிகினு இருந்திச்சு. மனுசன் அத தாண்டி தாண்டி வேலைக்கிப் போயிருக்காரு. ஃபெயிலு."

"பாவம்மா அவர்."

"இன்னா பாவம்? இப்ப சாம்பாரு வைக்கிறாரு. நல்லாவே கீது."

என்னையும் விடவில்லை. வேலை நடுவில் ஒரு மாதம் தேதி தள்ளிப்போயிற்று. அதுவரை தினமும் காலை எட்டரைக்கு "இன்னா சார், இன்னிக்கி இன்னா" என்று போன் செய்துகொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார். வேலை இல்லை, அதனால் போன் இல்லை என்று நான் முறைப்படி புரிந்துகொண்டேன். மாதம் முடிந்து திருமழிசையில் சந்தித்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு மாசம். கீறாளா செத்தாளான்னு ஒரு போனு இல்ல. நீங்களும் ஃபெயிலு சார்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அன்று ரயிலில் வீடு திரும்பும் வரை எனக்கு உட்கார்ந்த இடம் சரியாக அமையவில்லை.

திருமழிசை ஓட்டலில் வேலை முடிகிற கட்டத்தில் அவர் மேனேஜரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பத்து நிமிடம். இரண்டு லைனையும் ஒன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். மேனேஜர் இளைஞர், கழுத்துப் பட்டையைத் தளர்த்தியே பார்த்ததில்லை. முதல் தடவை, ஏதோ பயிற்சிக்கு வந்த கூட்டம் தங்கியிருக்கிறது, முடியாது என்றார். இரண்டாம் தடவை, அன்று அஷ்டமி என்றார். மூன்றாம் தடவை காரணமே சொல்லவில்லை.

"எல்லார் கையிலயும் செல்போன் இருக்கு. ரூம் போன யார் மேடம் தொடறாங்க?"

"தொடறவங்கள பத்தி தான் சார் நா பேசறேன்."

ஒப்படைப்பு நாள் முகூர்த்த நாளாக அமைந்தது. பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அறைகளை நிரப்பியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு முதலாளி வருவதாக இருந்தது. நான் ஏற்புச் சான்றிதழில் மூன்று பிரதியிலும் கையெழுத்திட்டு, நிறுவியவர் கையெழுத்துக்காக அந்தம்மாவிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டால் கம்பெனியின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு படிக்குக் கீழே உள்ள அறைக்குள் நுழைய அவருக்கு உரிமை கிடையாது.

அவர் காகிதத்தை முழுக்கப் படித்தார். என் அனுபவத்தில் அதைச் செய்த முதல் ஆள்.

"இதுல 'நெட் துண்டிப்பு: வெற்றி'ன்னு போட்டு கீறீங்க. புடுங்கிப் பாத்தீங்களா?"

"திரையில் பார்த்தேன்."

"கையால?"

"விதிமுறையில் கையால் என்று இல்லைம்மா."

பேனாவை என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு மாடிப்படிக்குக் கீழே போனார். நான் பின்னாலேயே போனேன். என்ன செய்யப்போகிறார் என்று போகும்போதே தெரிந்துவிட்டது, தடுக்க நான் வேகமாகப் போகவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டு கம்பெனிக்காரர்களும் ஆளுக்கொரு சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இரண்டின் மின்கம்பியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகியிருந்தது. அந்தப் பலகையின் ஒற்றைக் கம்பி சுவர் ப்ளக்குக்குப் போயிற்று. இரண்டு கம்பெனி, இரண்டு பில், இரண்டு ஒப்பந்தம், ஒரே ப்ளக். திரையைப் பார்த்துச் சோதித்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

அந்தம்மா குனிந்து அதைப் பிடுங்கினார். மணி பதினொன்று.

ஆறேழு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் பயங்கரம். ரிசப்ஷனில் பூக்காரர் மாலை மாட்டிக்கொண்டிருந்தார், மேனேஜர் செல்போனில் முதலாளிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். புதுப் போன்கள் செத்துவிட்டதை யாரும் பார்க்கவில்லை. அப்புறம் படியில் தடதடவென்று ஓசை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு அம்மாள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"இங்க யாருங்க பெரியவங்க? போன்ல ஒருத்தி நீங்க எங்களுக்கு முக்கியம், முக்கியம்னு சொல்லிக்கிட்டே இருக்கா, ஒருத்தரும் எடுக்கல! எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை எறங்கி வேர்த்துக் கொட்டுது!"

ஒன்பதை அழுத்தியிருக்கிறார். பெட்டி க்ளவுடைத் தேடியிருக்கிறது. க்ளவுட் கிடைக்காததால், தன்னிடம் பதிவாகியிருந்த குரலை எடுத்துவிட்டிருக்கிறது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்.' அந்தக் குரலைத் தேர்வு செய்த குழுவில் நானும் இருந்தேன்.

எல்லோரும் அசைவதற்குள் அந்தம்மா காப்பி மேசையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களைக் கைநிறைய வாரிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறிவிட்டார். பழச்சாற்றோடு மேனேஜர் போனபோது அவர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து முடித்திருந்தார். பெரியவர் தெளிந்துவிட்டார். பிற்பாடு பந்தியில் பாயசம் கேட்டு மனைவியிடம் வசவு வாங்கினார் என்று கேள்வி.

அந்தம்மா இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். அவர் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். இரண்டு கையையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"ஒரு உயிரோட வெளையாடிட்டியேம்மா!" மேடமெல்லாம் போய்விட்டது மேனேஜருக்கு.

"நா வெளையாடல சார். இப்ப எட்டு பேரு கீழ நிக்கிறோம், ஓடிப் பாத்துட்டோம். நாளைக்கி லைனு தானா போயி, அந்தாளு தனியா கெடந்தா?"

"தானா போனா அது வேற!"

அது வேறுதான். நானறிந்த எல்லா அலுவலகங்களிலும் அது வேறு தலைப்பு, வேறு படிவம். தானாகப் போனதற்கு யாரும் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

ப்ளக்கை மறுபடி செருகிவிட்டு, யாரும் கேட்காமலே அவர் தன் பையிலிருந்து ஒரு சிவப்புப் போனை எடுத்தார். திரை கிடையாது, பெயர் காட்டாது, சாதாரணப் போன். எங்கே போனாலும் சோதிப்பதற்கு அதைத்தான் கொண்டுபோவார். அதை ரிசப்ஷன் மேசையில் வைத்து, பழைய கம்பியில் நேராகப் படிக்குக் கீழே உள்ள பெட்டியோடு இணைத்தார். க்ளவுட் இல்லையென்றால் ஒன்பது அந்தச் சிவப்புப் போனில் அடிக்கும்படி பெட்டியில் மாற்றி எழுதினார். முதலாளி வருவதற்குள் முடித்துவிட்டு, என்னை மேசையருகே நிறுத்தி, மறுபடி ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினார். இந்தத் தடவை மேனேஜருக்குத் தடுக்கத் தெம்பில்லை.

சிவப்புப் போன் அடித்தது. எடுத்தேன்.

"கேக்குதா?"

"கேட்கிறதும்மா."

"அது போதும்."

எந்த ஊரில் எந்தப் போனைச் சோதித்தாலும் இந்த இரண்டு வாக்கியம்தான் அவர் வாயில் வரும். சான்றிதழில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. முதலாளியின் காரைப் பார்த்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நடந்ததைப் பற்றி முதலாளி என்னிடம் அறிக்கை கேட்டார். நான் முறைப்படி எழுதினேன். முதல் பத்தி: அனுமதியின்றி, வாடிக்கையாளர்கள் இருக்கும் நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. இரண்டாம் பத்தி: இதனால் அமைப்பில் இருந்த குறை வெளிப்பட்டது, சரிசெய்யப்பட்டது. மூன்றாம் பத்தி: மேற்படி சோதனை முன்னதாக மேற்கொள்ளப்படவில்லை. யார் மேற்கொள்ளவில்லை என்று எழுதவில்லை. எழுதாமல் விடுவதற்கு வசதியாக வாக்கியம் அமைப்பது எனக்குக் கைவந்த கலை.

முதலாளி அம்பத்தூர் கம்பெனிக்கு முதல் பத்தியை மட்டும் அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து பூந்தமல்லி ஓட்டல் வேலைக்கு வேறொருவர் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. "அந்தக்காவா? வேலய வுட்டு அனுப்சிட்டாங்க சார். ஏதோ ரிப்போர்ட்டு வந்துச்சாம்" என்றார் அவர். யார் எழுதிய ரிப்போர்ட் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அன்றே போன் செய்திருக்கலாம். என்ன பேசுவது என்று யோசித்தேன். முதலாளியிடம் பேசிவிட்டுப் பிறகு அவரிடம் பேசுவதே முறை என்று தோன்றியது. முதலாளி, பார்க்கலாம் சார் என்றார். பதினோராம் நாள் போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் மிக மரியாதையாகச் சொன்னது. பட்டாபிராமில் அவர் குடியிருந்த வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. ஒரகடம் பக்கம் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர், எந்த இடம் என்று தெரியவில்லை. இதுவும் ஒரு சோதனையாக இருக்கலாம் என்று கொஞ்ச நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். சோதனையென்றாலும் முடிவு எனக்குத் தெரியும்.

அதிலிருந்து எனக்கும் கை ஊறத் தொடங்கிவிட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. எழுந்து போய் மெயினை அணைப்பேன். இன்வர்ட்டர் எடுத்துக்கொள்ளும். திரும்பப் போட்டுவிட்டு வந்து படுப்பேன். பத்து நிமிடத்தில் மறுபடி சந்தேகம் வரும்.

"அந்தம்மா ஒரு தடவை பண்ணா. நீங்க தெனம் பண்றீங்க" என்பாள் என் மனைவி.

சென்ற மாதம் திருமழிசையில் வருடாந்தரச் சரிபார்ப்பு. புது மேனேஜர். ரிசப்ஷன் மேசைக்குப் புதிதாகப் பளிங்குக் கல் போட்டு, பித்தளைக் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். சிவப்புப் போன் இல்லை. காகிதத்தில் 'உள்ளூர்ப் போன்: உள்ளது' என்று ஏற்கனவே அச்சடித்து வைத்திருந்தார்கள். திரையில் எல்லாம் பச்சை. விதிமுறைப்படி நான் கையெழுத்துப் போடலாம். மேனேஜர் பேனாவின் மூடியைக்கூடத் திறந்து கொடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குக் கீழே போனேன்.

அதே பலகை, அதே ஒற்றைக் கம்பி. சுவரில் ப்ளக்குக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அன்று முதலாளி வருவதற்கு முன் அந்தம்மா ஒட்டியிருக்க வேண்டும், எனக்குத் தெரியாது. கோணல் எழுத்தில், 'மாசம் ஒரு தடவ புடுங்கவும்.' காகிதத்தின் மேலும் ப்ளக்கின் மேலும் ஒரே கனத்தில் தூசி படிந்திருந்தது.

பிடுங்கினேன். முப்பத்தாறு வருடத்தில் அனுமதி இல்லாமல் நான் துண்டித்த முதல் இணைப்பு. ப்ளக் சுலபமாக வரவில்லை, இரண்டு கையும் தேவைப்பட்டது.

லிஃப்டுக்கு எதிரே விருந்தாளிகளுக்காக ஒரு போன் இருக்கிறது. எடுத்து ஒன்பதை அழுத்தினேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு...' என்று ஆரம்பித்தாள் அவள். பாதியில் நின்றாள். பிறகு மணி போகும் ஓசை. காதில் கேட்டது, ஆனால் கூடத்தில் எங்கும் அடிப்பதாகத் தெரியவில்லை. மூன்று, நான்கு. ஐந்தாவது மணியில், பளிங்குக் கல்லுக்கு அடியிலிருந்து, துணிக்குள் சுற்றி வைத்தது போல, லேசாக ஒரு கிணுகிணுப்பு.

ரிசப்ஷனில் இருந்த பெண் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தது எனக்குத் தெரிந்தது. ஒரு இழுப்பறையைத் திறந்தாள். மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து மேசைமேல் போட்டாள். அடியிலிருந்து சிவப்பாக ஒன்று வெளியே வந்தது.

"ஹலோ, ரிசப்ஷன்... யாரு சார்? எந்த ரூம்?"

பதவியும் பெயரும் சொல்லாமல் போனில் பேசிப் பழக்கமில்லாதவன் நான்.

"கேட்கிறதா?" என்றேன்.

"கேக்குது சார். சொல்லுங்க."

"அது போதும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மேனேஜர் நிற்கிறார். அவர் மேசையில் இருந்த போன் செத்துவிட்டதைப் பார்த்திருக்கிறார்.

"யாரு சார் பர்மிஷன் குடுத்தது?"

"யாரும் கொடுக்கவில்லை. அந்தச் சிவப்புப் போனை மேசைமேல் வையுங்கள்."

ப்ளக்கைச் செருகிவிட்டு வந்து படிவத்தை வாங்கினேன். கட்டங்களுக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டு, 'இரண்டு லைனும் போனால்' என்று எழுதினேன். எதிரே 'சோதனை மேற்கொள்ளப்பட்டது' என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'பிடுங்கிப் பார்த்தேன். அனுமதி பெறவில்லை. போன வருடம் பிடுங்கிப் பார்க்காமலே வெற்றி என்று எழுதியவன் நான்.'

மேனேஜர் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு சார் எழுதறீங்க?" என்றார்.

இரண்டாவது பிரதியை எடுத்து அதிலும் அதையே எழுதத் தொடங்கினேன்.